என்ன வேலை பாக்கறீங்கன்னு ஒருத்தர் கேக்கறதுக்கு ஏழு மாசம் ஆச்சு

ஈரோடு பக்கத்துல ஒரு பேட்டரி கடைல பதினாலு வருசம் வேலை பாத்தவன் நான். புது பேட்டரி விக்கிற கடை இல்லைங்க, பழச ரெடி பண்ற கடை. லாரி பேட்டரி, டிராக்டர் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் வரும், மேல் மூடிய அறுத்து, செத்துப்போன செல்ல உருவி எடுத்து, வேற ப்ளேட் செட் போட்டு, ப்ளேட்டுகள ஒன்னா சேர்க்கற ஈய ஸ்ட்ராப்ப உருக்கி ஒட்டி, ஆசிட் ஊத்தி சார்ஜ்ல போட்டா இன்னும் ஒரு வருசம் ஓடும், புதுசு வாங்குற காசுல பாதிகூட ஆகாதுங்கறதால கூட்டத்துக்கு கொறச்சலே இருக்காது. டெர்மினல் தேஞ்சு போயிருந்தா சட்டில ஈயத்த காய்ச்சி கரண்டில மோந்து அச்சுல ஊத்தணும். சூடு கம்மியா இருந்தா பாதில ஒறஞ்சிரும், கூடிப்போச்சுன்னா மேல மஞ்சளா ஏடு கட்டும். எங்க கடைல அந்த வேலைக்கு என் கைதான் வேணும்பாங்க, நானும் அதுல கொஞ்சம் பெருமையாத்தான் இருந்தேன்.

2022 ஆடி மாசம் வாக்குல வயித்து வலி ஆரம்பிச்சுது. சும்மா வலி இல்ல, ஈரத்துணிய ரெண்டு பேரு புடிச்சு முறுக்கற மாதிரி, வந்தா அரை மணி நேரம் நிமிர முடியாது, தலகாணிய வயித்துல அமுக்கி குப்புற படுத்தா கொஞ்சம் அடங்கும். கூடவே மலச்சிக்கல், நாலு நாள் அஞ்சு நாள் போகாது. கேஸ்னாங்க, அல்சர்னாங்க, எண்டோஸ்கோப்பி பண்ணி லேசா புண்ணு இருக்குன்னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. ஸ்கேன் நார்மல். ஒரு எடத்துல குடல்வால எடுத்துரலாமான்னுகூட கேட்டாங்க, காசு இல்லாததால தப்பிச்சேன்னுதான் சொல்லணும். ஹீமோகுளோபின் 8.6 இருந்துச்சு, அதுக்கு இரும்பு மாத்திரை, அத சாப்ட்டா மலச்சிக்கல் இன்னும் இறுகிப்போச்சு. பிரஷர் வேற ஏறியிருந்துச்சு, எனக்கு அப்ப முப்பத்தேழு வயசுதான்.

அதோட நின்னிருந்தா பரவால்ல. ரெகுலரா வர்ற டிரைவர் பேரு மறந்துபோகும், கடைல ஸ்பேனர எங்க வச்சேன்னு அரை நாள் தேடுவேன், வீட்டுல சத்தம் கேட்டாலே கோவம் பொத்துக்கிட்டு வரும். பையன் அப்ப நாலு வயசு, ஒரு நாள் டிவி சத்தம் வச்சான்னு ஓங்கி ஒரு அடி, அவன் அழுகல, என்னையே பாத்தான். அந்தப் பார்வை இப்பவும் கண்ணுல நிக்குது. அப்புறம் வலது கை மணிக்கட்டு சொல் பேச்சு கேக்க மாட்டேன்னுச்சு, டீ கிளாஸ தூக்குனா கை அப்படியே தொங்கும், கிளாஸ் சாயும். "ஏனுங், பக்கவாதம் ஏதாச்சுமா இருக்கப்போவுது"ன்னு வீட்டுல பயந்துட்டாங்க.

அந்த கை தொங்குனதாலதான் வேற ஆஸ்பத்திரிக்கு போனோம். அங்க டூட்டில இருந்தது ரொம்ப சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்க, படிச்சு முடிச்சு ரெண்டு வருசம்கூட ஆகியிருக்காது. பழைய ரிப்போர்ட்டயெல்லாம் பெரட்டிட்டு புதுசா ரத்தம் எடுத்து கண்ணாடில தேய்ச்சு பாக்க சொன்னாங்க. சாயங்காலம் என் கட்டில் பக்கத்துல ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து கேட்டாங்க, "அண்ணா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

பேட்டரி கடைன்னேன். "பேட்டரி கடைல என்ன செய்வீங்க"ன்னாங்க. ஈயம் காய்ச்சுவேன்னேன். ஒடனே செல்போன் டார்ச்ச அடிச்சு என் கீழ் உதட்ட இழுத்துப் பாத்தாங்க. பல்லும் ஈறும் சேர்ற எடத்துல நீலமும் கருப்புமா ஒரு கோடு ஓடியிருந்துச்சு. நான் அத பாக்கு கறைன்னு நெனச்சு வருசக்கணக்கா பிரஷ் போட்டு தேய்ச்சுட்டு இருந்தேன். கண்ணாடில பாத்த ரத்தத்துலயும் சிவப்பணுக்குள்ள நீலப் பொடி தூவுன மாதிரி புள்ளி புள்ளியா தெரிஞ்சுதாம். ரெண்டுமே உடம்புல ஈயம் ஏறியிருக்கறதுக்கு அடையாளமாம். ஏழு மாசம், ஆறு டாக்டரு, கிட்டத்தட்ட எழுபதாயிரம் செலவு, அதுல ஒருத்தர்கூட என்ன வேலைன்னு கேக்கல. கேஸ் பேப்பர்ல தொழில்னு ஒரு எடம் இருக்கும் பாருங்க, அதுல எல்லாத்துலயும் "கூலி"ன்னு எழுதியிருந்துச்சு. எழுதுனது நான்தான், அவங்கள மட்டும் குத்தம் சொல்லவும் முடியாது.

ரத்தத்துல ஈயம் எவ்வளவுன்னு பாக்க சாம்பிள் வெளியூரு லேப்புக்கு போச்சு. அஞ்சாறு நாள் கழிச்சு வந்த நம்பர் 78. அதாவது நூறு மில்லி ரத்தத்துல 78 மைக்ரோகிராம். இது அதிகமா கம்மியான்னு எனக்கு என்ன தெரியும். உலக சுகாதார நிறுவனம் 5 வந்தாலே எங்க இருந்து வருதுன்னு தேடச் சொல்லுது, அமெரிக்காவுல கொழந்தைகளுக்கு 2021ல இருந்து 3.5 தான் எல்லைக்கோடு. இதுக்குள்ள இருந்தா ஒன்னும் ஆகாதுன்னு ஒரு பாதுகாப்பான அளவே ஈயத்துக்கு கிடையாதுங்கறாங்க.

டாக்டரம்மா எனக்கு புரிய வச்சது இப்படி. உடம்புக்கு ஈயத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாது, கால்சியம்னு நெனச்சு உள்ள விட்டுரும். நரம்புல கால்சியம் செய்ய வேண்டிய வேலைல இது போய் உக்காந்துக்கும், அதான் மறதி, கோவம், கை தொங்கல். ரத்தத்துக்கு செவப்பு குடுக்கற பொருள செய்யற எடத்துல குறுக்க நின்னுக்கும், இரும்பு மாத்திரைய எவ்வளவு சாப்ட்டாலும் அந்த இரும்ப கோத்துவிட விடாது, அதான் ரத்தம் ஏறல. கிட்னிய கெடுக்கும், பிரஷர ஏத்தும். ரத்தத்துல இருக்கறது ஒரு மாசத்துல பாதியா கொறஞ்சிரும், ஆனா எலும்புக்குள்ள போய் படுத்துக்கிட்டது பத்து இருபது வருசம் அங்கேயே கெடக்கும்னாங்க. பதினாலு வருசமா நான் எலும்புல சேத்து வச்ச சேமிப்பு அது.

எப்படி உள்ள போச்சுன்னு பாத்தா எல்லா வழியும் தொறந்துதான் கெடந்துச்சு. ஈயம் 327 டிகிரில உருகிரும், ஆனா கேஸ் டார்ச் வச்சு ஸ்ட்ராப் ஒட்டறப்ப அதவிட ரொம்ப மேல போயிரும், அந்தப் பொகை நேரா மூக்குக்குள்ள. கர்ச்சீப் கட்டிக்குவேன், அது கொசுவுக்கு கம்பிவேலி போட்ட கதைதான். அதவிட மோசம் சாயங்காலம் கடைய கூட்டறது. பழைய ப்ளேட்டுல இருந்து உதிர்ற பொடி மாவு மாதிரி இருக்கும், வெளக்கமாறு போட்டா மேகமா எழும்பும், அதுக்குள்ளயே நின்னு டீ குடிப்போம், பன்ன பிச்சு சாப்புடுவோம், கைய துணில தொடச்சா போதும்னு இருப்போம்.

"வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?" இதான் டாக்டரம்மா அடுத்து கேட்டது.

கடைல இருந்து வந்ததும் பையன் ஓடி வந்து வண்டி டேங்க் மேல ஏறி உக்காந்துக்குவான், தெரு முக்கு வரைக்கும் ஒரு ரவுண்டு அடிக்கணும், என் சட்டைல மூஞ்சிய பொதச்சுக்குவான். அந்தச் சட்டையோட அப்படியே கட்டில்ல சாஞ்சிருவேன். சம்சாரம் அதத்தான் கொழந்தை துணியோட ஒன்னா ஊற வப்பா, மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு ஒதறு ஒதறுவா. இன்னொன்னும் சொல்லிடறேன், கடைல ஒரு தடவை திருட்டு போனதுக்கப்புறம் ஓனர் சொன்னாருன்னு ஈயக்கட்டிய சாக்குல கட்டி எங்க கட்டிலுக்கு அடில வச்சிருந்தேன், ஒன்றரை வருசமா. பையன் காரு பொம்மைய வுட்டு வெளையாடறது அந்தக் கட்டிலடிலதான்.

அவங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தோம். சம்சாரத்துக்கு 14. பையனுக்கு 31. ரிப்போர்ட்ட வாங்கிட்டு லேப் வாசல்ல வண்டிய புடிச்சுட்டு நின்னேன், ஸ்டார்ட் பண்ண கை வரல. எனக்கு 78ன்னு சொன்னப்பகூட அப்படி ஆகல. பெரியவங்க முழுங்குன ஈயத்துல பத்துல ஒரு பங்குதான் உடம்புல ஒட்டுமாம், சின்னக் கொழந்தைகளுக்கு பாதி வரைக்கும் ஒட்டிரும், வளர்ற மூளைல போய் உக்காந்தா படிப்பு, கவனம், பேச்சு எல்லாத்துலயும் கை வைக்கும், அது திரும்பி வராது. அவன் கொஞ்சம் பேச்சு லேட்டு, ஒரு எடத்துல உக்கார மாட்டான். அது இதனாலதானான்னு கேட்டேன். அப்படி ஒத்தைக்கு ஒத்தை சொல்ல முடியாதுங்ணா, ஆனா இல்லைன்னும் சொல்ல மாட்டேன்னாங்க. இவனுக்கு முன்னாடி எங்களுக்கு ஒன்னு மூணு மாசத்துல கலஞ்சுது. அத நான் கேக்கல.

எனக்கு வைத்தியம் டி-பெனிசிலமின்னு ஒரு கேப்சூல். உடம்புல சுத்தற ஈயத்த கவ்விப் புடிச்சு ஒன்னுக்கு வழியா வெளிய தள்ளற மருந்து, இந்த மாதிரி மருந்துக்கெல்லாம் பொதுப்பேரு செலேஷன். சக்சிமர்னு இதவிட பக்கவிளைவு கம்மியான மாத்திரை ஒன்னு இருக்கு, ஆனா எங்களுக்கு அது கெடைக்கல. வெறும் வயித்துல சாப்புடணும், வாரா வாரம் ரத்தமும் ஒன்னுக்கும் டெஸ்ட், ஏன்னா இந்த மருந்தே கிட்னியவும் ரத்த அணுவையும் பதம் பாக்கும், பெனிசிலின் ஒத்துக்காதவங்க முன்னாடியே சொல்லிரணும். எல்லாத்துக்கும் மேல ஒரு கண்டிசன், கடைப்பக்கம் காலே வைக்கக்கூடாது. ஒரு பக்கம் மருந்து சாப்ட்டுட்டே இன்னொரு பக்கம் ஈயத்துல நின்னா உள்ள போறது இன்னும் கூடிப்போகவும் வாய்ப்பிருக்குதாம். ஓட்டை படகுல தண்ணிய மோந்து ஊத்தற கதைதான் அது, ஓட்டைய அடைக்காம மோந்து என்ன பிரயோஜனம்.

வயித்து வலி பத்து நாளுக்குள்ள போயிருச்சு, அத என்னால நம்பவே முடியல, ஏழு மாச வலிங்க. கோர்ஸ் முடிஞ்சு டெஸ்ட் எடுத்தா 34. ஊருக்கே லட்டு குடுக்கலாம்னு இருந்தேன். மூணு வாரம் கழிச்சு எடுத்தா 49. கடைப்பக்கமே போகலயே, எப்படி ஏறுச்சுன்னு ஒரே சண்டை டாக்டர்கிட்ட. எலும்புல கெடக்கறது மெதுவா ரத்தத்துக்கு எறங்கி வருதுங்ணா, இது இப்படித்தான்னாங்க. திரும்ப ஒரு கோர்ஸ். இப்ப ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, கடைசியா பாத்தப்ப 19. மணிக்கட்டு முக்காவாசி வந்துருச்சு. பிரஷர் மாத்திரை மட்டும் இன்னும் நிக்கல.

பையனுக்கு அந்த மருந்தே குடுக்கல. எனக்கு கோவம் வந்துச்சு, காசு பாத்து ஒதுக்கறாங்களோன்னு. 45க்கு மேல போனாத்தான் கொழந்தைகளுக்கு செலேஷன்ங்கறாங்க. அமெரிக்காவுல 20ல இருந்து 44 வரைக்கும் இருந்த கொழந்தைகளுக்கு சக்சிமர் குடுத்துப் பாத்த பெரிய ஆராய்ச்சி ஒன்னு 2001ல வந்திருக்கு, ரத்தத்துல நம்பர் கொறஞ்சுது, ஆனா புத்தி சம்பந்தப்பட்ட டெஸ்ட் எதுலயும் மருந்து சாப்ட்ட கொழந்தைக்கும் சாப்புடாத கொழந்தைக்கும் வித்தியாசமே இல்ல. அதனால இவனுக்கு இரும்பு சிரப், கால்சியம், நேரா நேரத்துக்கு சாப்பாடு, அவ்வளவுதான். உடம்புல இரும்பு கம்மியா இருந்தா கொடலு ஈயத்த இழுத்துப் புடிச்சுக்கும், வெறும் வயித்துலயும் அதிகமா ஏறும். தெனம் ஒரு முட்டை, கேழ்வரகு, கீரை, கொய்யா. இதுல எதுவும் உள்ள இருக்கற ஈயத்த வெளிய தள்ளாது, புதுசா ஏறுறத கொறைக்கும்.

மத்ததெல்லாம் வீட்ட கழுவற வேலைதான். ஈயக்கட்டி அன்னிக்கே கடைக்கு போயிருச்சு. கட்டில் மெத்தைய தூக்கி எறிஞ்சோம். வெளக்கமாறு போடக்கூடாது, தூசி எழும்பும், ஈரத்துணி போட்டு தொடைக்கணும், தொடச்ச தண்ணிய வாசல்ல ஊத்தாம டாய்லெட்ல ஊத்தணும், பக்கெட்ட ரெண்டு தடவை மாத்தணும். கதவு நெலவு, ஜன்னல் திட்டு, வண்டி சீட்டு, டேங்க் கவரு, சாப்பாட்டு பை. கடைத் துணி எல்லாத்தையும் கவர்ல கட்டி போட்டுட்டேன். பையனுக்கு சாப்புடறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு கை கழுவல், வாரம் ரெண்டு தடவை நகம் வெட்டல், பொம்மை எல்லாம் ஞாயித்துக்கெழமை சோப்பு தண்ணில.

மூணு மாசம் இப்படி பண்ணிட்டு டெஸ்ட் எடுத்தா பையனுக்கு 27. இன்னும் கொறஞ்சிருக்கணுமே, வேற எங்கயோ இருந்து உள்ள போயிட்டு இருக்குன்னாங்க டாக்டரம்மா. பெயிண்ட்டா, மண்ணா, தண்ணியான்னு ஒவ்வொன்னா கேட்டாங்க. சமையல் பாத்திரம் என்னன்னாங்க. எவர்சில்வருங்க, குக்கரு, அப்புறம் ரசத்துக்கு மட்டும் ஈயச் சொம்புன்னா என்ற சம்சாரம். எனக்கு அப்படியே தூக்கிவாரிப்போட்டுச்சு.

தமிழ்ல ஈயம்னு ஒரே வார்த்தைய ரெண்டுக்கும் சொல்லிட்டு இருக்கோம். வெள்ளீயம் வேற, காரீயம் வேற. ரச சொம்பு வெள்ளீயத்துல செய்யறது, பித்தளை பாத்திரத்துக்கு உள்பக்கம் பூசறதும் வெள்ளீயம்தான், அதுல பயமில்ல. பேட்டரில இருக்கறது காரீயம், வெஷம். வெள்ளீயம் வெலை ரொம்ப ஜாஸ்தி, காரீயம் அதுல ஒரு சின்னப் பங்குகூட இல்ல, அதனால காரீயத்த கலந்து சொம்பு செஞ்சு தள்ளிடறாங்க, புதுசுல ரெண்டும் பளபளன்னு ஒரே மாதிரிதான் இருக்கும். எங்கம்மா ஒரு தேர்த்திருவிழாவுல ஆசையா வாங்கிட்டு வந்தது. வீட்டுக்கு வந்து அத கைல எடுத்தேன் பாருங்க, பதினாலு வருசம் ஈயத்த தூக்குன கை, எடுத்த ஒடனே தெரிஞ்சுபோச்சு, அந்த சைசுக்கு அந்த கனம் வரவே வராது. அடிப்பக்கத்த நியூஸ்பேப்பர்ல தேய்ச்சேன், பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்துச்சு. மூணு வருசமா சமையக்கட்டுல இருந்திருக்கு, நான் ஒரு நாளும் சமையக்கட்டுக்குள்ள போய் ஒரு பாத்திரத்த எடுத்ததில்லங்கறது அன்னிக்குத்தான் உறைச்சுது.

சந்தேகம் வேண்டாம்னு கடைவீதில நகைக்கு டச் பாக்கறவர்கிட்ட, அதான் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்குன்னு மெஷின்ல பாத்து சொல்றவர்கிட்ட, எடுத்துட்டுப் போனேன். "தங்கத்த கொண்டா சாமி, சொம்ப கொண்டாந்திருக்கறயே"ன்னு சிரிச்சாரு, ஆனா மெஷின்ல வச்சாரு. பாதிக்கு மேல காரீயம்னு வந்துச்சு. புளித்தண்ணி, உப்பு, தக்காளி, சூடு, ஈயத்த கரைக்கறதுக்கு இதவிட தோதா என்ன வேணும். ரசஞ்சோறுன்னா பையன் ரெண்டு தட்டு சாப்புடுவான். அம்மா அன்னிக்கு ராத்திரி சாப்புடல. நான்தான் போய் சொன்னேன், கடைல இருந்து நான் கொண்டாந்தது இதவிட பத்து மடங்கும்மான்னு. சொம்பு போனதுக்கப்புறம் அடுத்த டெஸ்ட்ல பையனுக்கு 15, அப்புறம் 8, இப்ப 6. ஈயச் சொம்பு வேணும்னா டச் பாத்து வாங்குங்க, இல்லைன்னா எவர்சில்வர்லயே ரசம் வைங்க, வாசம் கொஞ்சம் கம்மியா இருக்கும், இருந்துட்டு போகட்டும்.

ஈரோட்டுக்காரன்ங்கறதால மஞ்சளப் பத்தியும் ஒரு வார்த்தை. பங்களாதேசத்துல மஞ்சக்கெழங்கு பளிச்சுன்னு தெரியறதுக்கு லெட் குரோமேட்னு ஈயம் இருக்கற ஒரு மஞ்சள் சாயத்த போட்டு பாலிஷ் பண்ணிட்டு இருந்திருக்காங்க, கர்ப்பிணிங்க ரத்தத்துல ஈயம் எங்க இருந்து வருதுன்னு தேடப்போய் அது மாட்டுச்சு. 2019ல மார்க்கெட்ல எடுத்த மஞ்சள்ல 47 சதவீதத்துல ஈயம், அரசாங்கம் எறங்கி புடிச்சு அபராதம் போட்டு விளம்பரம் பண்ணி, 2021ல பூஜ்யம். ரெண்டே வருசம். மனசு வச்சா நடக்குது. நாங்க கெழங்கா வாங்கி மில்லுல குடுத்து அரைக்கறோம், ரொம்ப மினுமினுன்னு இருந்தா தொடறதில்ல.

இனி இந்த டீடாக்ஸ் கூத்து. எனக்கு ஈயம்னு தெரிஞ்ச ஒடனே ஆளாளுக்கு ஒன்னு அனுப்புனாங்க. கொத்தமல்லி ஜூஸ், பூண்டு, ஏதோ பாசி மாத்திரை. கொத்தமல்லிய சட்னி அரைச்சு சாப்புடுங்க, நல்லா இருக்கும், ஆனா அது மனுசன் எலும்புல இருக்கற ஈயத்த எடுக்கும்னு நிரூபணம் ஒன்னும் இல்ல. மச்சான் ஒருத்தரு வலுக்கட்டாயமா டவுன்ல ஒரு எடத்துக்கு கூட்டிட்டுப் போனாரு, கால உப்புத்தண்ணி தொட்டில வச்சுட்டு கரண்ட் குடுப்பாங்க, அரை மணி நேரத்துல தண்ணி காப்பித் தண்ணி மாதிரி ஆயிரும், பாருங்க உங்க உடம்புல இருந்த வெஷம் எல்லாம் பாதம் வழியா எறங்கிருச்சும்பாங்க. ஒரு தடவைக்கு 1500 ரூவா. எனக்கு பாத்த ஒடனே சிரிப்பு வந்துருச்சு. பேட்டரிக்காரன்கிட்டயே வந்து தண்ணில தகட்ட வுட்டு டிசி குடுத்து காட்டறாங்களே. வீட்டுக்கு வந்து ஒரு டப்பால உப்புத்தண்ணி ஊத்தி ரெண்டு இரும்புத் தகட்ட தொங்கவுட்டு பழைய 12 வோல்ட் சார்ஜர மாட்டுனேன், கால் எதுவும் வைக்கல, பத்து நிமிசத்துல அதே காப்பித் தண்ணி. துருங்க அது. மச்சானுக்கு வீடியோ எடுத்து அனுப்புனேன், ரெண்டு நாள் பேசல.

சிரிச்சுட்டு போற விசயம் அது, காசோட போயிரும். நரம்புல ட்ரிப் ஏத்தி செலேஷன் பண்றோம்னு கூப்புடறவங்ககிட்டதான் ஜாக்கிரதையா இருக்கணும். ரத்த டெஸ்ட்டுக்கு ஊதா மூடி போட்ட ட்யூப் ஒன்னுல எடுப்பாங்க பாத்திருக்கீங்களா, அதுக்குள்ள தடவியிருக்கறது ஈடிடிஏங்கற மருந்து, அது ரத்தத்துல இருக்கற கால்சியத்த கவ்விக்கும், அதனால ரத்தம் உறையாது. அதே ஈடிடிஏல முன்கூட்டியே கால்சியத்த கோத்துவிட்டு செஞ்சதுதான் ஈயத்துக்கு போடற ஊசி, அது கால்சியத்த தொடாது, ஈயத்த புடிச்சுக்கும். பேரு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்னு. 2005ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல ஆட்டிசம் இருந்த அஞ்சு வயசுப் பையன் ஒருத்தனுக்கு செலேஷன் பண்றோம்னு கால்சியம் கோக்காத மருந்த ஏத்தி, ரத்தத்துல கால்சியம் வத்திப்போய் இதயம் நின்னு செத்துட்டான். மருந்து குடுத்துட்டு அப்புறம் ஒன்னுக்க புடிச்சு டெஸ்ட் பண்ணி, பாரு எவ்வளவு வருதுன்னு காட்டி பயமுறுத்தற பழக்கமும் சில எடத்துல இருக்கு, அந்த மருந்து யாருக்கு குடுத்தாலும் நம்பர் ஏறத்தான் செய்யும். டெஸ்ட்டுன்னா மருந்து எதுவும் சாப்புடாம, கை நரம்புல எடுக்கற ரத்தம், அவ்வளவுதான்.

நாட்டு மருந்து வேண்டாங்கல, எங்க வீட்டுல கசாயம் இன்னும் இருக்கு. ஆனா பஸ்பம், செந்தூரம்னு லேபிள் இல்லாம பொட்டலமா குடுக்கறத வாங்காதீங்க. 2004ல அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல கடைல வித்த ஆயுர்வேத மருந்துல 70 வாங்கி சோதிச்சு பாத்ததுல 14ல ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்துச்சு. ஈயத்துக்கு வைத்தியம்னு போய் ஈயத்தையே சாப்புட்டுட்டு வர வேண்டியதாயிரும்.

நம்ம ஊருல 2000த்தோட பெட்ரோல்ல ஈயம் போயிருச்சு, 2016ல போட்ட விதிப்படி பெயிண்ட்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல இருக்கக்கூடாது, பழைய பேட்டரிக்கும் 2022ல புது விதி வந்துருச்சு. ஆனாலும் யூனிசெஃப் 2020ல வெளியிட்ட கணக்குல இந்தியாவுல மட்டும் 27 கோடிக்கு மேல கொழந்தைகளுக்கு ரத்தத்துல ஈயம் 5ஐ தாண்டி இருக்குன்னு போட்டிருந்துச்சு. ஆப்பிரிக்காவுல செனகல்னு ஒரு நாடு, அங்க தியாரோய்னு ஒரு ஊருல பழைய பேட்டரி ஒடச்ச மண்ணுல ஈயம் இருக்குன்னு தெரிஞ்சு பொம்பளைங்க மண்ண சலிச்சு வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சாங்க. 2007 கடைசில இருந்து 2008 மார்ச்சுக்குள்ள 18 கொழந்தைங்க செத்துப்போச்சு. அத படிச்சுட்டு எங்க கட்டிலுக்கு அடில குனிஞ்சு பாத்துட்டு அப்படியே உக்காந்திருந்தேன்.

நான் இப்ப இன்வெர்ட்டர் மாட்டற வேலைக்கு போறேன், சீல் பண்ண பேட்டரி, ஒடைக்கற வேலை இல்ல, சம்பளம் நாலாயிரம் கம்மி. பழைய ஓனர் கெட்டவரு இல்ல, எனக்கு ஆஸ்பத்திரி செலவுல பங்கு குடுத்தாரு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்னு மாட்டியிருக்காரு. அது பக்கத்து டீக்கடைப் பக்கம் ஊதுது, அது வேற விசயம். அவருக்கும் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன், இன்னும் எடுக்கல.

என் எடத்துல இப்ப கரண்டி புடிக்கறது என்கிட்ட வேலை கத்துக்கிட்ட தம்பி, பத்தொம்பது வயசு. போன மாசம் கூட்டிட்டுப் போய் ரத்தம் குடுக்க வச்சேன், 52 வந்துச்சு. வயித்து வலி இருக்கான்னேன், கொஞ்சம் கொஞ்சம் இருக்குதுங்ணா, ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலன்னு நெனச்சேன்னான். கொஞ்ச நாளைக்காச்சும் வேலைய வுடுன்னா தலைய குனிஞ்சுக்கிட்டான், தங்கச்சிக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் அவன்தான் கட்டறான். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன், அவங்களும் அதையேதான் சொன்னாங்க. இப்போதைக்கு காய்ச்சற வேலை இல்லாம சார்ஜ் போடற பக்கம் மட்டும் நிக்க ஓனர்கிட்ட பேசியிருக்கேன். ரெண்டு பக்கமும் ஃபில்டர் டப்பா வச்ச மாஸ்க் ஒன்னும், மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்னும் வாங்கி குடுத்திருக்கேன், கடைத்துணிய அதுல போட்டு மூடிட்டு, அங்கேயே குளிச்சுட்டு வேற துணி மாத்திட்டுத்தான் வீட்டுக்கு போகணும்னு சொல்லியிருக்கேன். நேத்து அந்தப் பக்கம் போனப்ப பாத்தேன், வாளி கழுவி வெயில்ல கவுத்தி வச்சிருந்துச்சு. மாஸ்க் ஆணில தொங்குச்சு, அவன் சட்டிக்கிட்ட நின்னுட்டு இருந்தான்.